உவமையைச் சொன்ன பிறகு அதன் நீதியையும் நாமே சொல்லிவிட வேண்டுமா?

கேள்வி: ஓய்வுநாள் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமையைச் சொல்லி முடித்து, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். நான் கேட்டு வாய் மூடுவதற்குள், “ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவ வேண்டும், டீச்சர்” என்று எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்துவிட்டார்கள்.

விடை தவறில்லை. ஆனால் கதையைக் கேட்பதற்கு முன்பே அவர்களுக்கு அது தெரியும். அப்படியானால் அந்தக் கதை அவர்களிடம் செய்த வேலைதான் என்ன என்ற கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. உவமைக்கும் சாதாரண நீதிக்கதைக்கும் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா? கதையின் முடிவில் நீதியை எடுத்துச் சொல்வது நல்லதா, சொல்லாமல் விடுவது நல்லதா? பயிற்றுவித்த அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: எரிகோ வழி

சகோதரி, பிள்ளைகள் ஒப்பித்த விடை அந்த உவமையின் விடையாகாது என்பதே என் எண்ணம். எந்தக் கேள்விக்கு மறுமொழியாக அந்தக் கதை வருகிறது என்று பாருங்கள். நியாயசாஸ்திரி (யூத வேதச் சட்டம் கற்றவன்) ஒருவன், “எனக்குப் பிறன் யார்?” என்று கேட்கிறான். நான் அன்புகூர வேண்டியவர்களின் எல்லை எதுவரை என்று கோடு போட்டுக் காட்டும்படி கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் அந்த வழி ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் கீழே இறங்குவது. பாறையும் பள்ளத்தாக்குமாகக் கள்ளர் பதுங்குவதற்கு ஏற்றது. அதில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆலயப் பணி செய்யும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போன பிறகு, மூன்றாவதாகச் சாதாரண யூதன் ஒருவன் வந்து உதவியிருந்தால் அது நல்ல நீதிக்கதையாக முடிந்திருக்கும். வருபவனோ சமாரியன். கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளர் இடித்துப்போட்ட பகை அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பிருந்தே புகைந்துகொண்டிருந்தது. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலக்கமாட்டார்கள் என்று யோவான் 4ஆம் அதிகாரமும் சொல்கிறது.

கதை முடிந்ததும் கேள்வி திருப்பிப் போடப்படுகிறது: கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூவரில் எவன் பிறனாயிருந்தான்? உதவி பெறத் தகுதியுள்ளவன் யார் என்று தொடங்கிய பேச்சு, உதவி செய்து அயலானாக ஆனவன் யார் என்று முடிகிறது. அந்த நியாயசாஸ்திரி “சமாரியன்” என்ற ஒரு சொல்லில் விடை சொல்லியிருக்கலாம். அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. “அவனுக்கு இரக்கஞ்செய்தவனே” என்று சுற்றி வளைத்துச் சொல்கிறான். என்னைக் கேட்டால் அந்த உவமையின் உச்சம் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

பிறன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையும் இந்த வகைதான் (2 சாமுவேல் 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிச் சமைத்த செல்வந்தன்மேல் கோபம் மூண்டு, அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று தாவீது தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகே, “நீயே அந்த மனுஷன்” என்ற சொல் வருகிறது. கேட்பவன் தன் வாயாலேயே தீர்ப்பைச் சொல்லும்படி செய்வது உவமை. தீர்ப்பை எழுதிக் கையில் கொடுப்பது நீதிக்கதை. நான் காணும் வேறுபாடு இதுதான்.

பதில் 2: பீலிபெய் சாகாடு

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் மொழி சார்ந்த ஓர் இடறலும் இங்கே உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் உள்ள “பிறன்” என்ற சொல்லைத் தமிழில் எவ்வாறு கேட்கிறோம்? பிறனில் விழையாமை என்று குறள் சொல்லும்போது பிறன் என்பவன் வேறொருவன், நம்மவன் அல்லாதவன். ஆகவே “எவன் பிறனாயிருந்தான்” என்று வாசிக்கும் பிள்ளைக்கு நெருக்கம் என்ற பொருளே தோன்றாது; கேள்வி திருப்பப்பட்டதும் காதில் விழாது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு “அடுத்திருப்பவர்” என்று சொல்வதால் அந்தத் திருப்பம் ஓரளவு தெளிவாகிறது. வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துக் காட்டலாம்.

நீதியைச் சொல்லாமல் விடும் முறை நமக்குப் புதியதும் இல்லை. “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்” என்ற குறளில் வண்டியும் மயிலிறகும் அச்சு முறிவதும் மட்டுமே இருக்கின்றன. அரசன் பற்றியோ பகை பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது. வலியறிதல் என்ற அதிகாரத் தலைப்பின் கீழ் நிற்பதால், எளிய பகைவரும் பலர் திரண்டால் வலியவனை முறித்துவிடுவர் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். உவமையை மட்டும் சொல்லிப் பொருளைக் கேட்பவரிடம் விட்டுவிடும் இதனைப் பிறிதுமொழிதல் என்பார்கள். நுவலா நுவற்சி என்ற அழகான பெயரும் உண்டு. சொல்லாமல் சொல்வது என்பதை இரண்டே சொல்லில் வேறு எவர் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் “ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்தென” என்று ஒரே அடியில் ஒரு கதையை மடக்கி வைக்கிறார். வேடரிடையே வளர்ந்து தன்னையும் வேடனென்றே எண்ணியிருந்த அரச குமாரனிடம் தந்தை வந்து, நீ என் மகன் என்று உணர்த்துவதே அந்தக் கதை. சைவ சித்தாந்த வகுப்புகளில் இதை விரித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கதை தெரியாதவருக்கு அந்த அடி திறக்காது. ஆசிரியர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது கேட்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது.

பதில் 3: ஐயவாதி

மேலே உள்ளவை அழகாக இருக்கின்றன. ஆயினும் உவமை கேட்டவன் நடத்தையில் மாறுகிறானா என்பதையும் பார்க்க வேண்டும். டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு செய்த சோதனை 1973இல் வெளியானது. மாணவர்களில் ஒரு பகுதியினர் நல்ல சமாரியன் உவமையைப் பற்றியே அடுத்த கட்டடத்தில் பேசப் போகிறவர்கள். வழியில் ஒருவன் துவண்டு கிடந்து இருமிக்கொண்டிருக்கிறான். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் உதவினர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே உதவினர். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

குழந்தைகளைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வொன்றும் உண்டு. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளிடம், புலி வருது கதையைப் போன்ற ஓநாய்க் கதையைச் சொன்னபோது பொய் குறையவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதையைச் சொன்னபோது உண்மை சொன்னவர்கள் அதிகரித்தார்கள். பொய்யனுக்கு நேர்ந்த தண்டனையைவிட, உண்மை சொன்னவனுக்குக் கிடைத்த பாராட்டு வேலை செய்தது. (அந்தச் செர்ரி மரக் கதையே கட்டுக்கதை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள் என்பது வேறு வேடிக்கை.) ஆகவே சிறு பிள்ளைகளுக்குக் கதையின் நீதியைத் தெளிவாகச் சொல்வதைக் குறையாக எண்ண வேண்டாம். சுவிசேஷங்களிலும் விதைக்கிறவன் உவமைக்கு விளக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறதே!

பதில் 4: எரிகோ வழி

ஐயா, விதைக்கிறவன் உவமையின் விளக்கம் மாற்கு 4ஆம் அதிகாரத்தில் தனித்திருக்கையில் கேட்டவர்களுக்குத் தரப்படுகிறது. கரையில் நின்ற கூட்டத்துக்குக் கதை மட்டுமே கிடைத்தது. மறுபுறம், லூக்கா 18ஆம் அதிகாரம் சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணவேண்டும் என்று நீதியை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு கதைக்குப் போகிறது. எனவே ஒரே விதி அங்கேயும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரின்ஸ்டன் சோதனையை மட்டும் வேறு விதமாக வாசிப்பேன். அந்த மாணவர்கள் உவமையைப் பற்றிப் பேசத் தயாரானவர்கள். அவர்களை யாரும் அந்த உவமைக்குள் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அந்த ஆசாரியனும் வேதம் தெரிந்தவன்தான்.

கேள்வி கேட்டவர்: ஓய்வுநாள் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. என் பிழை எங்கே என்று இப்போது ஓரளவு புரிகிறது. “சமாரியன்” என்றாலே நல்லவன் என்று என் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறார்கள். தலைப்பிலேயே “நல்ல” என்று ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் அவர்களுக்கு எந்த உறுத்தலும் வர வழியில்லை. தங்கள் தெருவில் யாருடன் பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களோ அவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அதைச் செய்தால் பெற்றோரிடமிருந்து எனக்கு என்ன வரும் என்பதும் தெரியும். சற்றே அச்சமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் வரும் வாரம் லூக்கா 15ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்க நினைக்கிறேன். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்காக வைத்த விருந்துக்குள் வரமாட்டேன் என்று மூத்தவன் வெளியே நிற்கிறான். தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்பது சொல்லப்படாமலேயே கதை நின்றுவிடுகிறது. நானும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பிறகு என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லப் போகிறேன். வீட்டில் மூத்த பிள்ளையாக இருப்பவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே வந்து தெரிவிக்கிறேன்.