சைட்டேஷனுக்குச் சொல்: சுட்டிய கட்டுரையா, சுட்ட கட்டுரையா?

வணக்கம்.

ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னொன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பதை ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். மதுரைப் பேராசிரியர் 'மேற்கோள்' என்கிறார், சிங்கப்பூர் நண்பர் 'எடுத்தாள்கை' என்கிறார், நடுவில் யாழ்ப்பாணத்து அம்மா 'சான்றுகாட்டல்' என்று எழுதியிருந்தார். முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு இருப்பவன் நான். எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் வேண்டாம் என்பேன். பிறர் சொன்னதை அப்படியே எடுத்து இரட்டைக் குறிக்குள் போடுவதற்குத்தான் இன்று அந்தச் சொல்லை ஆள்கிறோம். சைட்டேஷன் அது இல்லை, ஒருவருடைய ஒரு வரியைக்கூட எடுத்துப் போடாமல் பெயரும் ஆண்டும் மட்டும் குறித்தாலே போதும், அவரை எத்தனை பேர் குறித்தார்கள் என்ற கணக்கில் ஒன்று ஏறிவிடும். சிவஞானபோதம் பாடம் கேட்டவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது மேற்கோள் என்பது நாம் நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து, அதாவது நம் சொந்தச் சரக்கு. ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல் தலையில் மூன்றாவதையும் ஏற்றுவானேன்?

எடுத்தாள்கை நல்ல சொல்தான். ஆனால் எடுத்து ஆள வேண்டுமே! பாதிப் பேர் படிக்காமலேயே கட்டுரைக் கடைசியில் வரும் பட்டியலில் போடுகிறார்கள், அதற்கும் கணக்கில் ஒன்று ஏறுகிறது. 'சான்றுகாட்டல்' இன்னும் மோசமாக மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் 'இவர் சொன்னது தவறு' என்று மறுக்கிறவனும் பெயரைக் குறித்துத்தான் மறுக்கிறான். புகழ்ந்தாலும் ஒன்று, திட்டினாலும் ஒன்று. எண்ணுகிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் நாம் வைக்கிற சொல்லில் 'பயன்பட்டது', 'நிரூபித்தது', 'மதித்தது' என்ற வாசனையே இருக்கக் கூடாது, கை நீட்டிக் காட்டியது என்ற அளவோடு நிற்க வேண்டும். இது ஒன்றுதான் என் கட்சி, மற்றதெல்லாம் இதற்குத் துணை.

ஆகவே 'சுட்டு' என்று முடிவு கட்டினேன். தொல்காப்பியத்தில் 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்று இலக்கணமே இருக்கிறது, பிறகென்ன என்று ஒரு தாளில் சொற்பட்டியலை எழுதி, எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்தேன். மறுநாள் போனால் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் சிரிக்கிறான். "இன்னா சார், சுட்ட கட்டுரைக்கெல்லாம் லிஸ்ட்டு எடுத்துனுகீறீங்க? யாராண்ட சுட்டாங்கன்னும் போட்றலாமா?" நான் எழுதியது 'சுட்டிய கட்டுரை'. அவன் அடித்தது 'சுட்ட கட்டுரை'. என் கையெழுத்தின் லட்சணம் பாதி, எங்கள் பேட்டையில் 'சுட்டது' என்றால் என்ன பொருள் என்பது மீதி. சுட்ட பைக், சுட்ட டியூன், சுட்ட பிராஜெக்ட்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சுட்டு, சுட்டினான், சுட்டிய. சுடு, சுட்டான், சுட்ட. நடுவில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஒழுங்காகப் பெயர் சொல்லி எடுத்தவனுக்கும் பெயர் சொல்லாமல் அடித்தவனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் இந்த ஓர் எழுத்துதான் என்று முதலில் ரசித்தேன், ஆனால் கலைச்சொல்லில் ரசனைக்கு இடம் கொடுத்தால் அச்சுப்பிழையில் மானம் போகும். செயப்பாட்டு வினைக்குப் போனால் அதைவிட ஆபத்து. சுட்டப்பட்ட கட்டுரை. ஒரு புள்ளி எழுத்து விழுந்தால் சுடப்பட்ட கட்டுரை. துப்பாக்கி வந்துவிடும்.

இன்னொரு சிக்கலையும் அப்போதுதான் கவனித்தேன். 'சுட்டிய கட்டுரை' என்றால் எது? பிறரைச் சுட்டிய கட்டுரையா, பிறர் சுட்டிய கட்டுரையா? தமிழ்ப் பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். சாதாரணப் பேச்சில் பரவாயில்லை, இந்தத் துறையில் எல்லாமே திசைதானே! யார் யாரைக் குறித்தார்கள் என்று தொகுக்கும் இந்தத் தொழில் அறிவியலுக்கு வருவதற்கு முன்பே வக்கீல்களுக்காக நடந்தது. 1873இல் அமெரிக்காவின் இலினாய்ஸில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்று தொகுத்து, ஒட்டுச் சீட்டாக அச்சிட்டு விற்றார். அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்பது தெரியாமல் கோர்ட்டுக்குப் போக முடியாது அல்லவா. நம் பாரிமுனைப் பக்கம் டீக்கடையில் நின்றாலே "சைட்டேஷன் இருக்கா?" என்று ஜூனியர் வக்கீல்கள் கேட்டுக்கொள்வது காதில் விழும், அதே சங்கதிதான். யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தகவலியலாளர் இதைப் பார்த்துத்தான் அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார், 1964இல் அந்த அடைவே, அதாவது சைட்டேஷன் இண்டெக்ஸே, வந்துவிட்டது. கட்டுரைக் கடைசியில் வரும் பட்டியல் எப்போதும் பின்னோக்கித்தான் காட்டும், பழைய கட்டுரையைப் புதியது காட்டும். அதைத் திருப்பிப்போட்டு, 'இந்தப் பழைய கட்டுரையை யார் யார் காட்டினார்கள்' என்று முன்னோக்கிப் பார்க்க வைத்ததுதான் அவர் செய்த காரியம்.

எனவே நான் வைப்பது 'சுட்டுகை'. சைட்டேஷன் அனாலிசிஸ் என்பது சுட்டுகைப் பகுப்பாய்வு. சுட்டும் கட்டுரை, சுட்டுகை பெற்ற கட்டுரை என்று திசை பிரிந்துவிடும், 'பட்ட' வராது, துப்பாக்கியும் வராது. தன்னையே காட்டிக்கொள்வது தற்சுட்டுகை. சைட்டேஷன் இண்டெக்ஸ் சுட்டுகை அடைவு, இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எச்-இண்டெக்ஸுக்கும் அதே 'அடைவு' போட்டவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அடைவு என்பது புரட்டிப் பார்க்கிற தொகுப்பு, சான் டியாகோவில் இயற்பியல் பேராசிரியரான ஹிர்ஷ் 2005இல் சொன்னது ஓர் எண், ஓர் ஆய்வாளரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை சுட்டுகை வாங்கியிருக்கின்றன என்பது. 'எச் எண்' போதும்.

இம்பாக்ட் ஃபேக்டருக்குத் 'தாக்கக் காரணி' என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். காரணி எதற்குக் காரணம்? முந்தைய 2 ஆண்டுகளில் ஓர் இதழ் 80 கட்டுரை போட்டிருந்து, அவற்றுக்கு இந்த ஆண்டு 200 சுட்டுகை வந்தால், வகுத்து 2.5 என்கிறார்கள். இது சராசரி. 'இதழ்ச் சுட்டுகைச் சராசரி' என்று பச்சையாகச் சொன்னால், அந்த இதழில் எழுதிய ஒவ்வொருவர் கட்டுரையும் 2.5 வாங்கியது என்று எந்த நேர்காணல் குழுவும் நினைக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் நினைத்தார்கள். அதோடு, ஓர் இதழிலிருந்து எங்கள் ஆசிரியை ஒருவருக்கு, எங்கள் இதழின் ஐந்து கட்டுரைகளைச் சேர்த்தால் உங்கள் கட்டுரை சீக்கிரம் வரும் என்ற பொருளில் கடிதமே வந்தது. அவர் சேர்த்தார், பாவம், பதவி உயர்வு வேண்டுமே. இதற்கும் ஒரு சொல் வேண்டும், 'வன்சுட்டுகை' என்றால் கடுமையாக இருக்கிறதா?

அப்புறம் 'ஆதர்'. ஆசிரியர் என்றால் எங்கள் கல்லூரிகளில் வாத்தியார்தான், அதனால் நன்னூல் பாயிரத்திலிருந்து 'ஆக்கியோர்' எடுத்துக்கொள்ளலாம். 'ஆக்கியோன் பெயரே வழியே' என்று தொடங்குகிறது பாருங்கள், யார் செய்தது என்றதும் அடுத்த சொல்லே எதன் வழி வந்தது என்பதுதான். ஆனால் பெயர்தான் நம் ஆட்களைப் படுத்துகிறது. இரா. செல்வி என்று ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கட்டுரை, சுட்டுகைகள் 9, 7, 5, 4, 4, 1. குறைந்தது 4 சுட்டுகை வாங்கிய கட்டுரைகள் நான்குக்குக் குறையாமல் இருக்கின்றன, குறைந்தது 5 வாங்கியவை ஐந்து இல்லை, ஆக எச் எண் 4. இப்போது சில இதழ்கள் குடும்பப் பெயர் கேட்டதால் அவர் அப்பா பெயரை விரித்து 'செல்வி இராமலிங்கம்' என்று போட்டுவிட்டார். தரவுத்தளம் இராமலிங்கத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு வேறு ஆளாக்கிவிட்டது. செல்வி கணக்கில் 9, 5, 4, எச் எண் 3. இராமலிங்கம் கணக்கில் 7, 4, 1, எச் எண் 2. கூட்டவும் முடியாது, கூட்டினால் 5 வரும், அதுவும் தப்பு. இனிஷியல் வைத்திருக்கிற ஊரில் இந்த அளவுகோல் எவ்வளவு ஆடுகிறது என்று மொழிபெயர்ப்பவர்களாவது ஓர் அடிக்குறிப்பு போடலாம். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தருகிற, 2012இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை 'ஆக்கியோர் அடையாள எண்' என்றே சொல்லலாம்.

சுட்டுகை எண்ணிக்கைதான் 'செல்வாக்கா' என்று இழையில் நடக்கும் சண்டையில் நான் சேரவில்லை. தொல்காப்பியர் நூல் முழுக்க 'என்மனார் புலவர்' என்கிறார், ஒரு பெயர் இல்லை. உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று சொல்லிவிட்டு அந்த 'உளர்' யாரென்று காட்டாமலே அடித்து நொறுக்குகிறார்கள். இயந்திரத்தைக் கேட்டால் அந்தப் புலவர்களுக்கு எல்லாம் சுழி. மறுபக்கம் தகடூர் யாத்திரை என்ற பழைய நூல் மொத்தமும் போய், பிறர் எடுத்துக் காட்டிய பாடல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எண்ணுவதற்கும் செல்வாக்குக்கும் என்ன உறவு என்பது தனி இழைக்கான விஷயம்.

திருத்திய தாளோடு நேற்றுத் திரும்ப டிடிபி கடைக்குப் போனேன். பையன் 'சுட்டுகை'யை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான். "இன்னா சார், வெரல நீட்டிக் காட்றதா?" என்றான். ஆமாம்டா, அதேதான் என்றேன். பதினாறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

எனக்கு இன்னும் சிக்கியிருப்பது ஒரு ஜோடிதான். இரண்டு பழைய கட்டுரைகளைப் புதிதாக ஒன்று சேர்த்தே காட்டினால் கோ-சைட்டேஷன், 1973இல் ஹென்றி ஸ்மால் சொன்னது. காசிமேட்டில் ஒரே கூடையில் வஞ்சிரமும் இறாலும் போவது மாதிரி, இனி வருகிற கூடைகளைப் பொறுத்து இந்தச் சேர்க்கை கூடிக்கொண்டே போகும். இதற்கு 'உடன்சுட்டுகை' பொருந்துகிறது. ஆனால் இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரையைக் காட்டுவது, பிப்ளியோகிராஃபிக் கப்ளிங் என்று 1963இல் கெஸ்லர் சொன்னது, அது வேறு. இரண்டு பேர் கூடையிலும் அதே வஞ்சிரம், வாங்கியது வாங்கியதுதான், அப்புறம் மாறாது. 'ஒருசுட்டுறவு' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?