டேப்லெட் பேனா வைக்கிற இடமெல்லாம் வட்டம் வருது, கோட்டோட தொடக்கமும் காணாமப் போகுது. எப்படி நிறுத்துறது?

மைத்துளி:

வணக்கம் நண்பர்களே. கிராஃபிக்ஸ் டேப்லெட் வாங்கிப் பத்து நாள் ஆகுது. திரை இல்லாத வகை. கை பலகை மேல, கண்ணு மானிட்டர் மேல. விண்டோஸ் 11, வரையறது க்ரிட்டாங்கற ஓவிய மென்பொருள்ல.

பேனா முனை பலகையில பட்டதும், குளத்துல சின்னக் கல்லு விழுந்த மாதிரி கர்சரைச் சுத்தி ஒரு வட்டம் விரிஞ்சு மறையுது. முனையை எடுக்காம ஒரு நொடி அழுத்தி வெச்சிருந்தா வேற ஒரு பெரிய வளையம் வருது. அப்புறம் பேனாவைத் தூக்கினா ரைட் கிளிக் மெனு திறக்குது.

கண்ணுக்கு உறுத்தறது மட்டும்னா பொறுத்துக்குவேன். ஒரு முகம் வரைஞ்சுட்டு இருக்கேன், இப்போ இமை முடி கட்டம். ஒவ்வொரு முடியும் அடியில தடிமனா தொடங்கி நுனியில மெலிஞ்சு முடியணும். முனையை வெச்சு, அழுத்தம் குடுத்து, மெதுவா இழுக்கறேன். திரையில கோடு பாதி தூரம் போன பிறகுதான் பிறக்குது. தடிமனான அடிப்பகுதி வரவே இல்ல. நாப்பது முடி போட்டா முப்பதை அழிக்கிறேன். நீளமா, வேகமா இழுக்கிற கோட்டுல இந்தத் தொல்லை கிடையாது.

டிரைவரை நீக்கி மறுபடி போட்டாச்சு, வேற யூஎஸ்பி துளையில சொருகிப் பாத்தாச்சு, பேனாவுக்குப் புது முனையும் மாட்டியாச்சு. பேனாவுல கோளாறா? திருப்பிக் குடுத்து மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப மனசு விட்டுப்போயிருக்கேன்.

நிழல்வண்ணம்:

பேனா நல்லாத்தான் இருக்கும். டேப்லெட் டிரைவரைத் திறந்து ‘விண்டோஸ் இங்க்’னு இருக்கிற இடத்துல டிக்கை எடுங்க. எனக்கு அதுலயே எல்லாம் நின்னுச்சு.

மைத்துளி:

எடுத்துப் பாத்தேன் நிழல்வண்ணம். வட்டம் நின்னுச்சு. ஆனா அழுத்தமும் போயிடுச்சு! எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன், மவுஸ்ல வரைஞ்ச மாதிரி. இமை முடிக்கு அழுத்தம்தானே உயிர். டிக்கை மறுபடி வெச்சுட்டேன்.

கோட்டோவியன்:

மைத்துளி, பேனாவை மாத்த வேண்டாம். நீங்க எழுதினதுலயே விடை இருக்கு: வேகமான கோடு சரியா வருது, மெதுவான கோடுதான் கெடுது. முனையோ சென்சாரோ பழுதுன்னா வேகம் பாத்துக் கெடாது.

பலரும் வட்டம்னு ஒரே பேர்ல சொல்றாங்க, ஆனா உங்க திரையில வர்றது ரெண்டு தனித்தனி வேலை. முதல்ல வர்ற சின்ன வட்டம் வெறும் காட்சி. “நீங்க தட்டினது எனக்குத் தெரிஞ்சுது”ன்னு விண்டோஸ் காட்டற அடையாளம். கோட்டை அது தடுக்காது.

ரெண்டாவதா வர்ற பெரிய வளையம் அப்படி இல்ல. பேனாவை அழுத்திப் பிடிச்சா ரைட் கிளிக்னு ஒரு வசதி இருக்கு, அதோட அறிவிப்பு அது. இதுக்காக, முனை பட்டதும் இது தட்டலா, இழுப்பா, அழுத்திப் பிடிக்கிறதான்னு விண்டோஸ் கொஞ்ச நேரம் காத்திருந்து முடிவு பண்ணுது. முனை ஓரளவு நகர்ந்தாத்தான் இழுப்புன்னு எடுத்துக்கும். வேகமா இழுத்தா அந்தத் தூரத்தைக் கண் சிமிட்டறதுக்குள்ள தாண்டிடுவீங்க. இமை முடி மாதிரி குட்டையா, நிதானமா போடற கோட்டுக்கு அந்தக் காத்திருப்புலயே பாதிக் கோடு போயிடும். சில வரைகலை மென்பொருள் தன்னோட வரைதளத்துக்குள்ள மட்டும் இதைத் தடுத்து வெச்சிருக்கும், சிலது வெச்சிருக்காது. அதனாலதான் ஒரே பேனா ஒரு இடத்துல நல்லாவும் இன்னொரு இடத்துல மோசமாவும் எழுதும்.

முதல்ல பெரிய வளையத்தை நிறுத்துங்க. டேப்லெட் சொருகியிருக்கும்போதே கன்ட்ரோல் பேனல் திறந்து, தேடற பெட்டியில ‘பென் அண்ட் டச்’ அடிங்க. டேப்லெட்டைக் கழட்டி வெச்சுட்டுத் தேடினா அந்தப் பக்கம் கண்ணுல படாமப் போகலாம். வர்ற சின்னச் சாளரத்துல ‘பிரஸ் அண்ட் ஹோல்ட்’ வரியைத் தேர்ந்தெடுத்து ‘செட்டிங்ஸ்’ அழுத்துங்க. மேல இருக்கிற ‘எனேபிள் பிரஸ் அண்ட் ஹோல்ட் ஃபார் ரைட் கிளிக்கிங்’ டிக்கை எடுத்துட்டு ஓகே குடுங்க.

அடுத்தது சின்ன வட்டம். செட்டிங்ஸ்ல ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதுக்குள்ள ‘பென் அண்ட் விண்டோஸ் இங்க்’, அதுல ‘அடிஷனல் பென் செட்டிங்ஸ்’. அங்க ‘ஷோ விஷுவல் எஃபெக்ட்ஸ்’ இருக்கும், அணைச்சுடுங்க. விண்டோஸ் 10 வெச்சிருக்கவங்க இதே வரியை ‘டிவைசஸ்’ கீழ வர்ற ‘பென் அண்ட் விண்டோஸ் இங்க்’ பக்கத்துல பாக்கலாம்.

அழுத்திப் பிடிக்கிறதை நிறுத்தினா பேனாவுல ரைட் கிளிக் இல்லாமப் போயிடும். டிரைவர்ல போய் பேனாவோட பக்கவாட்டு பட்டன் ஒண்ணுக்கு ரைட் கிளிக்கைக் குடுத்துடுங்க.

மைத்துளி:

கோட்டோவியன் அண்ணா, நீங்க சொன்ன வரிசையிலயே செஞ்சேன். முதல் டிக்கை எடுத்ததுமே ஓடிப்போய் ஒரு முடி போட்டுப் பாத்தேன். முனை வெச்ச இடத்துலயே தடிமனா தொடங்கி, நுனி வரைக்கும் ஒழுங்கா மெலிஞ்சு வந்துச்சு. பத்து நாளா இதுக்குத்தான் ஏங்கிட்டு இருந்தேன். சின்ன வட்டமும் இப்போ இல்ல.

ஆனா இன்னும் ஒண்ணு மிச்சம். பலகையோட ஓரத்துல இருக்கிற ஒரு பட்டன்ல கன்ட்ரோல் வெச்சிருக்கேன், க்ரிட்டாவுல நிறம் எடுக்க. அதை அழுத்தி விட்டா, வெளியிலிருந்து உள்ள சுருங்கி வர்ற மாதிரி வட்டம் வட்டமா வருது. கூடவே கர்சர் பக்கத்துல குட்டியா ‘கன்ட்ரோல்’னு ஒரு எழுத்து. இது என்ன?

கோட்டோவியன்:

விரியற வட்டமா, சுருங்கற வட்டமான்னு கவனிச்சுச் சொன்னீங்களே, அதுவே பாதி வேலையை முடிச்சுடுச்சு.

சுருங்கற வட்டத்துக்கும் பேனாவுக்கும் சம்பந்தமே இல்ல. அது மவுஸ் அமைப்பு. பெரிய திரையில அம்புக்குறி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்காக, கன்ட்ரோல் விசையைத் தட்டினா இடத்தைக் காட்டற வசதி. செட்டிங்ஸ்ல ‘மவுஸ்’, அதுல ‘அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்’, திறக்கிற சாளரத்துல ‘பாயின்டர் ஆப்ஷன்ஸ்’ தாவல். கீழ்ப்பக்கம் ‘ஷோ லொகேஷன் ஆஃப் பாயின்டர்’னு தொடங்கற வரியில டிக்கை எடுங்க. அதே தாவல்ல ‘பாயின்டர் டிரெய்ல்ஸ்’ இயங்கிட்டு இருந்தா அதையும் நிறுத்துங்க. கர்சர் பின்னாடி நிழல் மாதிரி வால் இழுக்கறது அதுதான்.

கர்சர் பக்கத்துல வர்ற எழுத்து பேனா பக்கத்தைச் சேர்ந்தது. ‘அடிஷனல் பென் செட்டிங்ஸ்’ல ‘ஷோ அடிஷனல் கீஸ் பிரஸ்ட் வென் யூஸிங் மை பென்’னு ஒரு வரி இருக்கு, அதை அணைங்க.

இரவுப்பறவை:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இதே வட்டத் தொல்லைக்கு நான் விண்டோஸோட உள் அமைப்புகளை மாத்தற ‘குரூப் பாலிசி எடிட்டர்’ல ‘டேப்லெட் பிசி’ கீழ ‘கர்சர்ஸ்’னு இருக்கிற இடத்துல ‘டர்ன் ஆஃப் பென் ஃபீட்பேக்’கை எனேபிள் பண்ணி வெச்சேன். சின்ன வட்டம் நின்னுச்சு, பெரிய வளையம் மட்டும் அடங்கல. ஏன்னு ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன்.

கோட்டோவியன்:

இரவுப்பறவை, அந்தப் பாலிசியோட விளக்கத்துலயே பதில் இருக்கு. பேனா செயலுக்கான காட்சிகள் எல்லாத்தையும் நிறுத்தும், அழுத்திப் பிடிக்கிறதுக்கான காட்சியைத் தவிரன்னு தெளிவா எழுதியிருக்கும். அதோட பேனா கர்சருக்குப் பதிலா மவுஸ் கர்சரைக் காட்டும். பெரிய வளையத்துக்கு நீங்களும் மேல சொன்ன ‘பென் அண்ட் டச்’ வழிக்குத்தான் போகணும். விண்டோஸ் ஹோம் பதிப்புல அந்த எடிட்டர் வராது, அதனாலதான் மைத்துளிக்கு அதைச் சொல்லல.

தூரிகை:

இவ்வளவு சுத்தணுமா? சர்வீசஸ்ல போய் ‘டச் கீபோர்ட் அண்ட் ஹேண்ட்ரைட்டிங்’ சர்வீஸை நிறுத்தினா ஒரே அடியில எல்லாம் ஒழியும்னு படிச்ச ஞாபகம்.

கோட்டோவியன்:

தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. பழைய விண்டோஸ்ல பலருக்கு உதவின வழிதான், இல்லன்னு சொல்லல. ஆனா பின்னாடி வந்த பதிப்புகள்ல சாதாரணத் தட்டச்சே அந்தச் சேவையைச் சார்ந்து இருக்கு. அதை நிறுத்தினா ஸ்டார்ட் மெனு தேடல்ல ஒரு எழுத்துகூட அடிக்க முடியாமப் போகும். பேனா வட்டத்தை நிறுத்தப் போய் கீபோர்ட் கெட்டுப்போச்சுன்னு இன்னொரு இழை தொடங்க வேண்டி வரும். சர்வீஸ், ரெஜிஸ்ட்ரி எதையும் தொடாமலே இது முடியற வேலை.

நிழல்வண்ணம்:

எனக்கு விண்டோஸ் இங்க் டிக்கை எடுத்தும் அழுத்தம் போகல. மைத்துளிக்கு மட்டும் ஏன் போச்சு? நான் தப்பா வழி காட்டிட்டேனோன்னு உறுத்தலா இருக்கு.

கோட்டோவியன்:

உங்க மேல தப்பு இல்ல, உங்க வழியில ஒரு படி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

பேனாவோட அழுத்தம் மென்பொருளுக்குப் போக ரெண்டு பாதை உண்டு. ஒண்ணு விண்டோஸ் இங்க், இன்னொண்ணு அதைவிடப் பழைய வின்டேப். டிரைவர்ல நீங்க டிக்கை எடுத்தா முதல் பாதை அடைபடும். மென்பொருள் இன்னும் அந்தப் பாதையிலயே காத்திருந்தா அதுக்குக் கிடைக்கறது வெறும் மவுஸ் அசைவுதான். ரெண்டு பக்கமும் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கணும். உங்க மென்பொருள் ஏற்கெனவே வின்டேப்ல இருந்திருக்கும், அதனால உங்களுக்குத் தெரியல.

க்ரிட்டாவுல ‘செட்டிங்ஸ்’, ‘கான்ஃபிகர் க்ரிட்டா’, ‘டேப்லெட் செட்டிங்ஸ்’. அங்க வின்டேப், விண்டோஸ் இங்க் ரெண்டும் இருக்கும். மாத்தின பிறகு க்ரிட்டாவை மூடித் திறந்தாத்தான் அமலுக்கு வரும். அதே பக்கத்துல ‘டேப்லெட் டெஸ்டர்’னு ஒரு பட்டன் இருக்கு. அதுல கிறுக்கினா ஒவ்வொரு அசைவுக்கும் அழுத்தம் எத்தனை சதவீதம்னு எண் ஓடும். மெல்ல வருடினா சின்ன எண், ஊன்றினா பெரிய எண். அப்படி வந்தா பாதை திறந்திருக்கு. கண்ணால கோட்டைப் பாத்து ஊகிக்கிறதைவிட இது நம்பகமானது.

கிளிப் ஸ்டுடியோவுல ‘பிரிஃபரன்சஸ்’ உள்ள ‘டேப்லெட்’ பகுதியில வின்டேப், டேப்லெட் பிசின்னு ரெண்டு இருக்கும். ரெண்டாவதுதான் விண்டோஸ் இங்க். பிளெண்டர்ல ‘பிரிஃபரன்சஸ்’, ‘இன்புட்’ல ‘டேப்லெட் ஏபிஐ’.

மைத்துளிக்கு இப்போ விண்டோஸ் இங்க்லயே எல்லாம் சரியா ஓடுது. ஓடறதை மாத்த வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

தூரிகை:

சர்வீஸ் விஷயத்தை எடுத்துச் சொன்னதுக்கு நன்றி. செய்யாமத் தப்பிச்சேன். நான் ஃபோட்டோஷாப் ஆள். அதுல அந்தப் பாதையை எங்க மாத்தறது?

கோட்டோவியன்:

ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு வெச்சு மாத்தலாம். கோப்போட பேர் பிஎஸ்யூசர்கான்ஃபிக், டெக்ஸ்ட் வகை. ஆங்கில எழுத்துல, நடுவுல இடைவெளி இல்லாம. உள்ள ஒரே வரி: ‘யூஸ்சிஸ்டம்ஸ்டைலஸ் 0’. மூணு ஆங்கிலச் சொல்லும் ஒட்டி, ஒவ்வொண்ணோட முதலெழுத்தும் பெரிய எழுத்து, அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு சுழியம். உங்க பயனர் கணக்கோட ‘ஆப்டேட்டா’, ‘ரோமிங்’ உள்ள ஃபோட்டோஷாப் பதிப்பு பேர்ல இருக்கிற ‘செட்டிங்ஸ்’ கோப்புறையில வெச்சுட்டு மென்பொருளை மூடித் திறங்க. டிரைவர்லயும் விண்டோஸ் இங்க் டிக்கை எடுத்திருக்கணும். ஒண்ணைச் செஞ்சு ஒண்ணை விட்டா மைத்துளிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். அந்தக் கோப்பை வேண்டாம்னு நினைச்சா அழிச்சுட்டாப் போதும், பழைய நிலைக்குத் திரும்பும்.

இரவுப்பறவை:

பெரிய வளையம் போச்சு, மிக்க நன்றி. கடைசியா ஒண்ணு. சில மென்பொருள்ல எழுத்தைத் தேர்ந்தெடுக்கப் பேனாவை இழுத்தா, தேர்ந்தெடுக்காம பக்கமே மேலயும் கீழயும் நகருது. இதுவும் இந்தக் குடும்பம்தானா?

கோட்டோவியன்:

ஆமா. விண்டோஸ் 10-ல 2017-ல வந்த 1709 பதிப்புல இருந்து, பேனாவால இழுத்தா பல இடத்துல பக்கம் நகரும்னு ஆச்சு. ‘பென் அண்ட் விண்டோஸ் இங்க்’ பக்கத்துல ‘லெட் மீ யூஸ் மை பென் அஸ் எ மவுஸ் இன் சம் டெஸ்க்டாப் ஆப்ஸ்’னு ஒரு வரி இருக்கும். அதை இயக்கினா அந்த மென்பொருள்கள்ல பேனா மவுஸ் மாதிரி நடந்துக்கும்.

மைத்துளி:

அண்ணா, சுருங்கற வட்டமும் அந்தக் குட்டி எழுத்தும் போயிடுச்சு. டேப்லெட் டெஸ்டர்லயும் பாத்தேன், வருடினா 4, 5 சதவீதம், ஊன்றினா 90-க்கு மேல போகுது. பக்கவாட்டு பட்டன்ல ரைட் கிளிக் வெச்சிருக்கேன், விரல் இன்னும் பழகல.

ஒரு கேள்வி: விண்டோஸ் அப்டேட் வந்தா இதெல்லாம் பழையபடி ஆயிடுமா?

கோட்டோவியன்:

பெரிய அப்டேட்டுக்குப் பிறகும், டிரைவரைப் புதுசா போட்ட பிறகும் எனக்குச் சில தடவை பழையபடி ஆகியிருக்கு. அழுத்திப் பிடிக்கிற டிக் ஒருமுறை தானா திரும்பி வந்து, ஒரு மாலை முழுக்க என் கைதான் தடுமாறுதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்போ இருந்து அப்டேட் முடிஞ்சதும் வெள்ளைத் தாள்ல குட்டைக் கோடு பத்து, மெதுவா போட்டுப் பாத்துடறேன். பத்தும் முனை வெச்ச இடத்துல தொடங்கினா வேலைக்கு உக்காருவேன். ஒண்ணு தப்பினாலும் முதல்ல ‘பென் அண்ட் டச்’சைத் திறப்பேன்.

மைத்துளி:

குறிச்சு வெச்சுக்கறேன் அண்ணா. இடது கண்ணோட மேல் இமை முழுசா முடிஞ்சுது, இன்னைக்கு ஒரு முடிகூட அழிக்கல. வலது கண்ணுக்குப் போறேன்.