'பிங்க் மூன்': 28 நிமிடம் போதுமா?

கரிசல்காட்டான்:
இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பத்தைப் பற்றி ஒரு விவாதம் தேவை என்று நினைக்கிறேன். 1972 பிப்ரவரியில் வந்தது. சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது எங்காவது இருக்கும். 11 பாட்டு, மொத்தம் 28 நிமிடம். ஒரு ஆள், ஒரு அகூஸ்டிக் கிட்டார். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, வயலின் கிடையாது.

இதே மனிதர் 1969-இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' கொடுத்தவர். அதில் 'ரிவர் மேன்' கேட்டுப் பாருங்கள். ஐந்தைந்தாக நடக்கிற தாளம், நம் பாஷையில் கண்ட நடை. அதன்மேல் ஹாரி ராபின்சன் எழுதிய வயலின்கள் மெல்ல ஏறி வரும்போது உடம்பு சிலிர்க்கும். 1971-இல் வந்த 'பிரைட்டர் லேட்டர்' ஆல்பத்தில் ஜான் கேல் வாசித்திருக்கிறார், ரிச்சர்ட் தாம்ப்சன் வாசித்திருக்கிறார். 'நார்தர்ன் ஸ்கை' மாதிரி ஒரு காதல் பாட்டு அந்தப் பத்தாண்டிலேயே குறைவு.

அதற்கு அடுத்தது 'பிங்க் மூன்'. இங்கே 'நோ' (Know, 'தெரிந்துகொள்') என்ற பாட்டுக்கு நாலே வரி, ஒரே ஒரு கிட்டார் துணுக்கு. 'ஹார்ன்' ஒன்றரை நிமிடம்கூட ஓடாது, அதில் பாட்டும் இல்லை. என் கருத்தை நேராகச் சொல்கிறேன். இது முடிக்கப்படாத வேலை. அவர் 26 வயதில் இறந்துபோனார் என்ற செய்திதான் இதைக் காவியம் ஆக்கியிருக்கிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

ஆறுதந்தி:
வந்துவிட்டேன். கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் இந்த 'முடிக்கப்படாத வேலை' என்ற வார்த்தையை என்னால் ஏற்க முடியாது.

1971 அக்டோபரில், லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில், இரண்டே இரவுகளில் பதிவானது இது. பகலில் மற்றவர்கள் ஸ்டூடியோவை எடுத்திருந்ததால் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்க முடிந்தது. கூட இருந்தவர் சவுண்ட் இன்ஜினியர் ஜான் வுட் ஒருவர்தான். வேறு வாத்தியம் எதுவும் வேண்டாம், தானும் கிட்டாரும் மட்டும் போதும் என்பதில் நிக் உறுதியாக இருந்தார் என்று வுட் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, இசைக்குழு கிடைக்காமல் போகவில்லை. வேண்டாம் என்று வைத்தது.

இதற்கு ஆல்பத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. முதல் பாட்டான 'பிங்க் மூன்'-இன் நடுவில் ஒரு சின்ன பியானோ வரும். அதையும் அவரே வாசித்தார். முழு ஆல்பத்திலும் மேலே சேர்த்துப் பதிந்தது அது ஒன்றுதான். பியானோ பக்கத்திலேயே இருந்திருக்கிறது, வாசிக்கவும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு மற்ற பத்துப் பாட்டிலும் தொடவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரால்தான் இப்படிச் செய்ய முடியும்.

அப்புறம் அந்தக் கிட்டார். வழக்கமான ட்யூனிங்கில் கனமான தந்தியிலிருந்து தொடங்கினால் இ, ஏ, டி, ஜி, பி, இ. முதல் பாட்டுக்கு அவர் வைத்திருப்பது சி, ஜி, சி, எஃப், சி, இ. ஐந்து தந்திகளை மாற்றியிருக்கிறார், மெல்லிய இ ஒன்றுதான் அப்படியே நிற்கிறது. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. கனமான தந்தி அவ்வளவு கீழே இறங்குவதால் கட்டைவிரல் பேஸ் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தந்திகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்வதால் பின்னால் ஒரு தம்புரா ஓடுகிற மாதிரி நிறைவு வருகிறது. பேஸ் இல்லை என்கிறீர்களே, அது அந்த ஆறு தந்திக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண ட்யூனிங்கில் இதை வாசிக்க முயன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒன்றும் ஒட்டாது.

பழைய கேசட்:
அண்ணே ஆறுதந்தி, ட்யூனிங் எல்லாம் சரி. ஆனால் வாசிப்பது கடினம் என்பதால் கேட்பவனுக்கு அது பிடித்தாக வேண்டும் என்று இல்லையே. நான் கரிசல்காட்டான் பக்கம், ஆனால் என் காரணம் வேறு.

முதல் இரண்டு ஆல்பத்தையும் தயாரித்தவர் ஜோ பாய்ட். மூன்றாவது நேரத்தில் அவர் அமெரிக்கா போய்விட்டார், வார்னர் பிரதர்ஸ் வேலைக்கு. அவற்றின் வயலின் கோவைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ராபர்ட் கர்பி, கேம்பிரிட்ஜில் நிக்குடன் படித்த நண்பர். அவரும் இந்த ஆல்பத்தில் இல்லை. கேள்வி கேட்க, 'இந்த இடத்தில் இன்னொரு சரணம் வேண்டும்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்திருந்தால் 'ஹார்ன்' முழுப் பாட்டாக வளர்ந்திருக்கும்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு நாடாக்களை, ஆல்பத்தை வெளியிட்ட ஐலண்ட் கம்பெனியின் வரவேற்பு மேசையில் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது கட்டுக்கதை. கம்பெனியை நடத்திய கிறிஸ் பிளாக்வெல்லிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மழைக்கால ரேடியோ:
பழைய கேசட், அது கட்டுக்கதை என்று சொன்னதற்கு நன்றி. இந்த ஆல்பத்துக்கு நடந்த அநியாயமே அந்த மாதிரிக் கதைகள்தான்.

கரிசல்காட்டான் சொன்னதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மரணம் இந்த ஆல்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் இறந்தது 1974 நவம்பரில். மனச்சோர்வுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அளவு மீறியதால். விசாரணையில் தற்கொலை என்று பதிவானது. அவரை அறிந்தவர்கள் சிலர் அது தெரியாமல் நடந்தது என்று நம்பினார்கள். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்னால் பதிவான பாட்டுகள் இவை. மூன்று வருடம் கழித்து நடக்கப்போவது இவற்றுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு 1974-இலேயே அவர் மறுபடி ஸ்டூடியோவுக்குப் போய்ச் சில பாட்டுகள் பதிந்தார், இது கடைசி வார்த்தைகூட இல்லை. 'திங்ஸ் பிஹைண்ட் த சன்' அதற்கும் பழையது. அதை 'பிரைட்டர் லேட்டர்' ஆல்பத்திலேயே சேர்க்கச் சொல்லி ஜோ பாய்ட் கேட்டிருக்கிறார். நிக் அப்போது மறுத்துவிட்டார். அந்தப் பாட்டை வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரின் புலம்பலாக எப்படிப் படிக்க முடியும்?

என் சண்டை இரண்டு தரப்போடும். செத்துப்போனதால் பெரிய ஆல்பம் என்று கொண்டாடுகிறவர்களும் சரி, செத்துப்போனதால்தான் கொண்டாடுகிறார்கள் என்று ஒதுக்குகிறவர்களும் சரி, பாட்டைக் கேட்பதில்லை. 'பிளேஸ் டு பி' கேளுங்கள். சின்ன வயதில் தெரியாதது இப்போது தெரிகிறது, பலமாக இருந்தவன் இப்போது வலுவிழந்து நிற்கிறேன் என்று ஒருவர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அதில் தன்மேல் இரக்கம் தேடுகிற தொனி இருக்கிறதா என்று சொல்லுங்கள். எனக்குக் கேட்கவில்லை.

கரிசல்காட்டான்:
மழைக்கால ரேடியோ, தொனி பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் வரலாற்றைப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது அவருடைய ஒவ்வொரு ஆல்பமும் ஐயாயிரம் பிரதிகூட விற்கவில்லை. அப்புறம் 1999 கடைசியில் ஃபோக்ஸ்வாகன் கேப்ரியோ கார் விளம்பரம் வந்தது. இரவு நேரம், கூரை திறந்த கார், நாலு இளைஞர்கள், பின்னணியில் 'பிங்க் மூன்' பாட்டு. ஒரு விருந்துக்குப் போய்ச் சேர்ந்து, வாசலைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் மறுபடி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு விற்பனை பல மடங்கு ஏறியது. முதலில் மரணக் கதை, அப்புறம் கார் விளம்பரம். இசை தன் காலில் நின்று ஜெயித்தது எப்போது?

ஆறுதந்தி:
விளம்பரம் பார்த்தவர்கள் கடைக்குப் போய்க் கேட்டது காரை அல்ல, பாட்டை. அந்த ஒரு நிமிட விளம்பரத்தில் அவர் யார், எப்படி இறந்தார் என்று எதுவும் கிடையாது. கதை எதுவும் தெரியாமல் கேட்டவர்களைப் பாட்டு பிடித்து இழுத்திருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்? அதோடு 1979-இலேயே 'ஃப்ரூட் ட்ரீ' என்ற பெயரில் அவருடைய பாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கார் கம்பெனிக்கு முன்பே அவருக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள், கொஞ்சம் பேர்தான் என்றாலும்.

அப்போது விற்காததற்கு வேறு காரணம் உண்டு. அவர் மேடை ஏறுவதையே தவிர்த்தார். ஏறினாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூனிங் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் பேச்சுக் கொடுக்கவும் மாட்டார். பீர் குடிக்க வந்த கூட்டம் பொறுக்குமா? 'பிங்க் மூன்' வந்தபோது கச்சேரியும் இல்லை, ரேடியோவில் வந்து பாடவும் இல்லை.

நிலாமுற்றம்:
எல்லாரும் நிக்கையே பேசுகிறீர்கள். நான் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன், இந்த விவாதத்துக்கு அது தேவை என்று படுகிறது.

மாலி டிரேக் ரங்கூனில் பிறந்தவர். நிக்கும் 1948-இல் அங்கேதான் பிறந்தார். அப்பா ராட்னி பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் இன்ஜினியர். (என் தாத்தாவும் ரங்கூனில் கணக்கு எழுதியவர். அதனால் எனக்கு இந்தக் குடும்பத்தின்மேல் கூடுதல் ஒட்டுதல்.) போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது மாலியும் அவருடைய சகோதரி நான்சியும் தப்பித்து டெல்லிக்கு வந்தார்கள். 'லாயிட் சகோதரிகள்' என்ற பெயரில் அகில இந்திய வானொலியில் பாடினார்கள். இங்கிலாந்து திரும்பிய பிறகு மாலி வீட்டிலேயே பியானோ வாசித்துத் தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார். ராட்னி அவற்றை நாடாவில் பதிந்து வைத்தார். 2013-இல் அவை பரவலாக வெளியாயின.

அதைக் கேட்டுவிட்டு 'பிங்க் மூன்' கேளுங்கள். ஒரு குரல், ஒரு வாத்தியம், சின்னச் சின்னப் பாட்டு, சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுவது. துக்கத்தைக்கூடச் சத்தம் போடாமல் சொல்வது. மகன் வளர்ந்த வீட்டில் பாட்டு என்றால் இப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் வயலின்கள் இருந்த இரண்டு ஆல்பமும் அவருடைய இயல்பு, மூன்றாவது மட்டும் நோயின் விளைவு என்று பிரிப்பது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. 'பிங்க் மூன்'-இல் அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

பழைய கேசட்:
நிலாமுற்றம், நீங்கள் சொன்ன பிறகு மாலியின் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். மாலியின் பாட்டுகள் சின்னவை என்றாலும் வடிவம் முழுமையாக இருக்கிறது. தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாம் உண்டு. 'ஹார்ன்' அப்படி இல்லையே. அது ஒரு பயிற்சி மாதிரி நிற்கிறது. சின்னதாக இருப்பது வேறு, பாதியில் நிற்பது வேறு.

மழைக்கால ரேடியோ:
'ஹார்ன்' எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் தோழர். ஐந்தாவது. அதற்கு அடுத்தது 'திங்ஸ் பிஹைண்ட் த சன்', ஆல்பத்திலேயே நீளமானது, நாலு நிமிடத்தைத் தொடும், சொற்கள் கொட்டும். அதற்கு முன்னால் சொல்லே இல்லாத ஒரு சின்ன இடைவெளி. தனியாக எடுத்துக் கேட்டால் துண்டு. வரிசையில் கேட்டால் அடுத்த பாட்டுக்கு வாசல். ஷஃபிளில் போட்டுக் கேட்பவர்களுக்கு இந்த ஆல்பம் பிடிபடாது.

வரிசை என்றதும் கடைசிப் பாட்டு 'ஃப்ரம் த மார்னிங்' பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்பம் முழுக்க இருட்டு என்பவர்கள் அதுவரை கேட்டார்களா என்றே சந்தேகம். விடிகாலை, கோடை இரவு, மறுபடி எழுவது, எங்கும் பரவுவது. கிட்டாரும் துள்ளி ஓடுகிறது. டான்வொர்த் இன் ஆர்டன் ஊரில் அவருடைய கல்லறைக் கல்லின் பின்பக்கத்தில் பொறித்திருப்பது இந்தப் பாட்டின் வரிதான்.

கரிசல்காட்டான்:
'ஃப்ரம் த மார்னிங்' நல்ல பாட்டு, அதில் எனக்குத் தகராறு இல்லை. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எந்த ஆல்பத்தில் இருந்தாலும் நிற்கும். என் குறை நடுவில் இருப்பதைப் பற்றி. 'நோ' பாட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறுதந்தி:
சொல்கிறேன். நாலு வரி என்று எண்ணினீர்கள், சரி. அந்த நாலும் எப்படி இருக்கின்றன? நேசிக்கிறேன் என்கிறது முதல் வரி, எனக்குக் கவலையில்லை என்கிறது அடுத்தது. உன்னைப் பார்க்கிறேன் என்கிறது மூன்றாவது, நான் அங்கே இல்லை என்கிறது நாலாவது. ஒவ்வொன்றும் முந்தையதை அழிக்கிறது. ஐந்தாவது வரி எழுதினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும், அல்லது விளக்கம் சொல்ல வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கிட்டார் துணுக்கும் நகராமல் அதே இடத்தில் நிற்கிறது, ஏனென்றால் அந்த மனநிலையும் நகரவில்லை. வார்த்தை வருவதற்கு முன்னால் கிட்டாரோடு சேர்ந்து முனகுகிறாரே, அந்த முனகலைக் கவனித்துக் கேளுங்கள்.

கரிசல்காட்டான்:
விளக்கம் அழகாக இருக்கிறது நண்பரே. ஆனால் இரண்டரை நிமிடம் நகராத மனநிலையை எனக்குக் காட்ட நகராத கிட்டார்தான் வழி என்பதை ஏற்க மாட்டேன். 'ரிவர் மேன்' பாட்டிலும் அவர் தீர்மானிக்க முடியாமல்தான் நிற்கிறார். அங்கே தாளமும் வயலினும் அந்தத் தயக்கத்தை ஓட வைக்கின்றன. ராபின்சனையோ கர்பியையோ ஒரே ஒரு பாட்டுக்காவது, குறிப்பாக 'விச் வில்'-க்கு, கூப்பிட்டிருக்கலாம் என்பதில் நான் மாறவில்லை.

நிலாமுற்றம்:
'விச் வில்'-க்கா? அய்யோ வேண்டாம். அந்தப் பாட்டு முழுக்க ஒரே கேள்வி, யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற இடத்தில் வயலின் வந்தால் அது பதில் சொல்லிவிடும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் 'ஹார்வெஸ்ட் பிரீட்' எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் சம்மதம்.

பழைய கேசட்:
'ஹார்வெஸ்ட் பிரீட்'-க்கு ஒரு செல்லோ மட்டும். இதற்கு என் ஓட்டும் உண்டு. ஆறுதந்தி அண்ணன் மறுப்பார், தெரியும். ஏன் என்று எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.