ரவுண்டானா என்றாலே ஊர் ஏன் கொதிக்கிறது?

முச்சந்தி:
சின்ன ஊர்களில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போடப்போகிறோம், தெருவின் அகலத்தைக் குறைக்கப்போகிறோம் என்று சொன்னால் போதும், கையெழுத்து வேட்டை, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கூச்சல் என்று ஆரம்பித்துவிடுகிறது. எந்த நாட்டுச் செய்தியை எடுத்தாலும் இதே கதை. விபத்து குறையும் என்கிறார் பொறியாளர், வண்டி ஓட்டுகிறவர் நம்பவே மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

வட்டப்பாதை:
விபத்து விஷயத்தில் பொறியாளர் சொல்வதுதான் சரி. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் உரசவோ குறுக்கிடவோ 32 இடங்கள் உண்டு, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8தான். சிவப்பு விழுவதற்குள் தாண்டிவிடலாம் என்று ஒருவர் மிதிக்க, பக்கத்துச் சாலையில் வருகிறவர் நேராகக் கதவில் வந்து இடிப்பார் பாருங்கள், அதற்கு இங்கே வழியே இல்லை. இடித்தாலும் மெதுவாக, சாய்வாகத்தான் இடிக்கும். பம்பர் போகும், ஆள் பிழைப்பார். அமெரிக்காவில் 24 சந்திப்புகளை இப்படி மாற்றியதை ஆராய்ந்து 2001-இல் வந்த ஆய்வில், காயம்படும் விபத்துகள் 76 சதவீதம் குறைந்திருந்தன. அங்கேயே வேறொரு ஆய்வில், கட்டும் முன் 31 சதவீதம் ஓட்டுநர்கள்தான் ஆதரித்தார்கள், கட்டிய கொஞ்ச நாளில் 63. பழகாத பயம், அவ்வளவுதான்.

லோடுவண்டி:
அந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, அதுதான் எங்களுக்குக் கோபம். நீள வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்காகத்தான் நடுத்திட்டைச் சுற்றிச் சக்கரம் ஏறிப் போகிற மாதிரி கல் வளையம் பதிப்பார்கள். ஒரு கூட்டத்தில் அது எங்கே என்று கேட்டேன், அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் காலி மைதானத்தில் சுண்ணாம்பால் முழு அளவுக்கு வட்டம் போட்டு, தீயணைப்பு வண்டியைச் சுற்றவிட்டார்கள். பின் சக்கரம் ஒரு முழம் கோட்டை அழித்துக்கொண்டு போனது. அங்கேயே கோட்டை மாற்றிப் போட்டார்கள். பாதிப் பேர் அன்றைக்குத்தான் அடங்கினார்கள், நானும்தான்.

நடைவண்டி:
எல்லாரும் வண்டியிலிருந்தே பேசுகிறீர்கள். கண் தெரியாதவர் சிக்னலில் வண்டிகள் நிற்கிற சத்தத்தை வைத்துச் சாலையைக் கடப்பார், ரவுண்டானாவில் அந்தச் சத்தம் ஓய்வதே இல்லை. அதுவும் இரட்டைத் தடம் என்றால், ஒரு வண்டி நின்று வழிவிடும், அதன் மறைவில் அடுத்த தடத்தில் வருகிறவருக்கு ஆள் இருப்பதே தெரியாது. சைக்கிள்காரர் பாடும் திண்டாட்டம்தான். ஒற்றைத் தடம் என்றால் நான் ஆதரவு, இரட்டைத் தடம் என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

முச்சந்தி:
சரி, பழைய பெரிய வட்டங்கள் அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள்தான் அதிகம் கத்துகிறார்கள். அது?

வட்டப்பாதை:
அங்கே பல இடங்களில் உள்ளே நுழைகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, வட்டம் நிரம்பினால் யாராலும் வெளியேற முடியாது. உள்ளே சுற்றுகிறவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும் என்று 1966-இல் பிரிட்டனில் விதி போட்ட பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. லோடுவண்டி அண்ணே, அந்தச் சுண்ணாம்பு யோசனை நல்லா இருக்கு, "அவ்வளவுதான்" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.