அல்டெர்நாரியாவுக்கு ‘இலைக்கருகல் பூஞ்சை’ என்ற பெயர் பொருந்துமா?

> ‘இலைக்கருகல் பூஞ்சை’ என்றே வைத்துவிடலாம். உழவர்களுக்கு உடனே புரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

அல்டெர்நாரியா என்ற பூஞ்சைப் பேரினத்துக்கு நாம் தேடும் தமிழ்ப் பெயர் உழவர்க்குப் புரிய வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எங்கள் திருவையாற்றுப் பக்கம் ‘இலைக்கருகல்’ என்றால் சம்பா நெல்லில் பாக்டீரியாவால் வரும் நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். பூஞ்சைக்கும் அதே பெயரைச் சூட்டினால் தவறான மருந்தை வாங்கித் தெளித்துவிடுவார்கள்.

இன்னொன்று, கருக்குவது மட்டுமே இதன் வேலையன்று. தக்காளி இலையில் குளத்தில் கல் விழுந்தாற்போல வளையத்துக்குள் வளையமாகப் புள்ளி போடுவதும் இந்தப் பேரினம்தான். நம் வாய்க்கால்களை அடைக்கும் வெங்காயத்தாமரையைத் தாக்கும் ஓர் இனமும் இதில் உண்டு. அல்டெர்நாரியா ஐக்கோர்னியே என்ற பெயரில் 1970இல் விவரிக்கப்பட்ட அதை, களையை அடக்கும் உயிரியல் முறைக்காக ஆய்ந்து வருகிறார்கள். இன்னோர் இனமான அல்டெர்நாரியா ஆல்டெர்நேட்டாவின் வித்துகளோ (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள், ஸ்போர்) காய்ந்த காற்றில் பறந்து, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூக்கொழுகலையும் ஆஸ்துமாவையும் தூண்டுகின்றன. மட்கும் வைக்கோலிலும் அது வளரும். பயிருக்குப் பகை, களைக்கும் பகை, நமக்கு மூச்சுத் தொல்லை. செயலை வைத்துப் பெயரிட்டால் மூன்றில் இரண்டு விடுபட்டுப்போகும். உருவத்தை வைத்துத்தான் பெயரிட வேண்டும்.

1816இல் ஜெர்மன் தாவரவியலாளர் நீஸ் இட்ட இலத்தீன் பெயரில் ‘மாறி மாறி’ என்ற பொருள் இருக்கிறது. அதனால் முதலில் நான் ‘சரப்பூஞ்சை’ என்று எழுதி வைத்திருந்தேன். பூச்சரத்தில் பூவும் நாரும் மாறி மாறி வருவதுபோல வித்தும் மெல்லிய கழுத்துமாகத் தொடர்வதைக் கண்டு மகிழ்ந்துபோனேன். பிறகு கொள்ளிடப் படுகையிலிருந்து கொண்டுவந்த தக்காளி இலையைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன். சரமே இல்லை! தக்காளியைத் தாக்கும் இனத்தில் வித்துகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். நாம் அதிகம் காணும் இனத்துக்கே பொருந்தாத பெயரை எப்படி வைப்பது?

கண்ணில் நின்றது வேறொன்று. பழுப்பு நிற வித்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் சுவர்போலத் தடுப்புகள், நுனியில் நீண்டு மெலிந்த மூக்கு. கிளிமூக்கு மாங்காயில் மூக்கு துருத்தி நிற்குமே, அதைவிட எவ்வளவோ நீளம். சில வித்துகளில் உடலின் நீளத்தையே மிஞ்சிவிடுகிறது. சரமாக வரும் இனங்களில் மூக்கு குட்டையானது, ஆனாலும் நுனி குறுகித்தான் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘மூக்குவித்துப் பூஞ்சை’. ‘அலகு’ என்றும் எழுதிப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் அளவை அலகு என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். மூக்கைத் தொல்லைப்படுத்தும் பூஞ்சை என்று யாரேனும் புரிந்துகொண்டாலும் பிழையில்லை, அதுவும் உண்மைதானே.

தடுப்புகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த வித்துக்கு ‘கட்டவித்து’ போதுமா, ‘செங்கற்கட்டு வித்து’ வேண்டுமா என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. உங்கள் தோட்டக்காரரிடம் இரண்டையும் சொல்லிக் காட்டி, எது அவர் வாயில் நிற்கிறது என்று எழுதுங்கள், ஐயா.