புதுப்பிப்பு: ஹவில்தார் ஐயா வீடு திரும்பிவிட்டார்

நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய முன்னாள் ராணுவ ஹவில்தார் ஒருவரை, அவர் விருப்பப்படி ஆவடியிலுள்ள வீட்டிலேயே பராமரிக்கச் சமூகப் பணியாளராக நான் வழி தேடிவந்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது அவர் வீட்டில் இருக்கிறார். இரவில் உறங்கவும் செய்கிறார்.

பெருந்தடையாக இருந்தது, கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மருந்தைப் பெறுவதுதான். போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்காக அலையாமல் அதை இருப்பு வைத்து வழங்கலாம் என்றாலும், எல்லா மருத்துவமனைகளும் அந்த அங்கீகாரத்தைப் பெற்றிருப்பதில்லை. ஆகவே இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கும் முன்பே, மருந்து உண்மையில் எங்கே கிடைக்கும் என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். மார்ஃபினோடு மலமிளக்கியையும் மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். அதை நிறுத்தினால் மலச்சிக்கலே தனி வேதனையாகிவிடும் என்பதை ஐயாவின் மனைவியான அம்மாவிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்பதில் ஐயா உறுதியாக இருந்தார். உச்ச நீதிமன்றம் 2023இல் நடைமுறையை எளிதாக்கியதால், இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்று எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணத்தை முடித்தோம்.

குடும்ப ஓய்வூதியத்துக்காக, ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் அம்மாவின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் ஐயா நினைவோடு இருக்கும்போதே சரிபார்த்தோம். அந்தப் பேச்சைத் தொடங்கியவர் அவரே. அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். இரவுநேரத்தில் அம்மாவுக்கு மாற்றாக இருக்க ஒருவரை அமர்த்துவது மட்டும் இன்னும் பாக்கி.