ஹெரஃபோர்ட்ஷயரில் புதிய ஓக் சட்டக வீடு: மரம் உள்ளேயும் வெளியேயும் தெரியலாமா?

மனைக்காரர்:

இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் ஊர் எல்லைக்குள் உள்ள மனையில் ஓக் சட்டக வீடு திட்டமிட்டிருக்கிறோம். ஒன்றரை மாடி, மூன்று அங்கணம் (இரு குறுக்குச் சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதி). தூண்கள் 200×200 மி.மீ., இடையில் வரும் நிலைச்சட்டமும் குறுக்குச்சட்டமும் 150×150. அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளைப் போலச் சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 மி.மீ., உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. கட்டங்களை 120 மி.மீ. பி.ஐ.ஆர். (வெப்பத்தடுப்பு நுரை) பலகையால் அடைத்து இருபுறமும் பூசுவதாகவும், வெளிச்சுவர் முழுக்க மரம் உள்ளேயும் வெளியேயும் தெரிவதாகவும் வரைபடத்தில் இருக்கிறது. கட்டுபவர், இடுக்கு விழும், காற்று வரும் என்கிறார். வரைந்தவர், நல்ல சீலன்ட் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? மரத்தைப் பச்சையாக வாங்குவதா, உலர்ந்ததாகவா? சட்டகம் செய்பவரின் விலைப்பட்டியலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கழுந்தும் துளையும்:

கட்டுபவர் சொல்வதே சரி. ஆனால் இடுக்குக்கு முன்பே விதி உங்களைத் தடுத்துவிடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓக்கின் வெப்பக் கடத்துதிறன் 0.18 அளவில் இருக்கும். 150 மி.மீ. கட்டை என்றால் யூ மதிப்பு (சுவர் வழியே வெப்பம் கசியும் அளவு, குறைந்தால் நல்லது) 1.0. அடைப்பு மட்டும் தனியாக 0.18-க்குப் பக்கத்தில் வரும். 700 மி.மீ. கட்டத்தைச் சுற்றி 150 மி.மீ. சட்டம் ஓடினால் சுவர்ப்பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மரம். சராசரி எடுத்தால் 0.45-ஐ ஒட்டி நிற்கும். இங்கிலாந்தில் புது வீட்டுச் சுவருக்குக் கட்டட விதிகளின் எல் பகுதி (2021) அனுமதிக்கும் உச்சம் 0.26. பி.ஐ.ஆரை 150 ஆக்கினாலும் கதை மாறாது, ஏனென்றால் வெப்பம் கசிவது மரத்தின் வழியாக. அந்த 0.26 சுவர்ப்பரப்பு முழுவதற்குமான சராசரி. அதனால் ஒரு சின்ன முகப்பில் மட்டும் இருபுறமும் மரம் காட்டிவிட்டு மற்ற சுவர்களில் ஈடுகட்ட முடியும். வீடு முழுக்க முடியாது.

அடுத்தது சீலன்ட். பச்சை ஓக் உலரும்போது 150 மி.மீ. கட்டை குறுக்குவாட்டில் 6 முதல் 8 மி.மீ. வரை சுருங்கும். ஒரு அடைப்பின் நான்கு ஓரத்திலும் 3–4 மி.மீ. திறக்கும் என்று அர்த்தம். ஈர மரத்தில் ஒட்டிய சீலன்ட் முதல் கோடையிலேயே ஒரு பக்கம் பிடிவிடும். பிடிவிட்ட இடத்தில் மழைநீர் உள்ளே இறங்கும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. கீழ்க் குறுக்குச்சட்டத்தின் மேல்முகம்தான் முதலில் அழுகும்.

உங்கள் வட்டாரப் பாணிக்கு ஏற்ற வழி, பளு தாங்கும் ஓக் சட்டகத்தை வெளியே நிறுத்தி, வீட்டின் கதகதப்பை உள்ளே தனிச்சுவரிடம் ஒப்படைப்பது. வெளியிலிருந்து வரிசை இப்படி: ஓக் சட்டகமும் அடைப்பும், 50 மி.மீ. வடிகால் இடைவெளி, நீராவி போகவிடும் படலம், 140 மி.மீ. மென்மரச் சுவர் நிறைய வெப்பத்தடுப்பு, அதன் உட்புறம் இடைவிடாமல் 50 மி.மீ. மரநார்ப் பலகை, காற்றுத்தடைப் படலம், மின்கம்பிக்கு 25 மி.மீ. இடம், பிறகு பூச்சு. யூ மதிப்பு 0.22 அளவில் கிடைக்கும். சுவர் 400 மி.மீ.க்கு மேல் போகும். ஆகவே அடித்தளத்தை வார்க்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். சாளர, கதவு ஓரங்களில் அந்த 50 மி.மீ. இடைவெளிக்குத் தீத்தடுப்பு கட்டாயம் வேண்டும்.

வெளிச்சுவரில் உள்ளே தூண் தெரியாது என்பது இழப்புதான். ஆனால் அங்கணத்துக்கு அங்கணம் வரும் குறுக்குச் சட்டகங்கள், மாடித் தாங்கு உத்தரங்கள், கூரைக் கட்டமைப்பு எல்லாம் உள்ளே முழுசாகத் தெரியும். தலைகீழ் வழியும் உண்டு: சட்டகம் உள்ளே, சுற்றிலும் வெப்பத்தடுப்புப் பலகைப் போர்வை, வெளியே 25 மி.மீ. ஓக் பலகை ஒட்டிக் கட்டம் காட்டுவது. வெப்பக் கணக்கில் அதுவே சிறந்தது. ஆனால் அந்தப் பலகைகள் நெளியும், மூலையில் பலகையின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். வெளியே கட்டம் வேண்டாம், செங்கல்லோ பூச்சோ போதும் என்பவர்களுக்கு மட்டும் நான் அதைச் சொல்வேன்.

ஒன்றை மறக்காதீர்கள். குறுக்கு உத்தரம் காற்றுத்தடைப் படலத்தைக் கடக்கும் இடத்தில் சுற்றி டேப் ஒட்டினால் போதாது. உலரும்போது உத்தரத்தின் நீளவாக்கில் வெடிப்பு ஓடும். அந்த வெடிப்புக்குள்ளேயே காற்று படலத்தைத் தாண்டிப் போகும். கடக்கும் இடங்களை முடிந்தவரை குறையுங்கள். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் படலத்தைத் தளர்வாக மடித்து, மரத்தோடு ரீப்பர் வைத்துத் திருகி இறுக்குங்கள். வெடிப்பு ஓடி முடிந்த பிறகு அடைக்க ஏதுவாக அந்த இடத்தைத் திறந்து மூடும்படி வையுங்கள்.

பச்சைமரம்:

மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பச்சையாகவே வாங்குங்கள். ஓக் ஆண்டுக்கு 25 மி.மீ. தடிமன் என்ற கணக்கில்தான் காயும். 200 மி.மீ. தூண் காய எட்டு ஆண்டு ஆகும், காய்ந்தபின் உளியும் லேசில் இறங்காது. பச்சை மரத்தில் செதுக்கி, காய்ந்த மர ஆணியால் இறுக்குவதுதான் இந்தக் கட்டுமானத்தின் அடிப்படை.

சுருக்கம் மூன்று திசையில் மூன்று விதம்: வளையத்தின் போக்கில் 7–8 சதவீதம், நடுவிலிருந்து வெளிநோக்கி 4 சதவீதம், நீளத்தில் கணக்கிடவே தேவையில்லை. தூணின் உயரம் மாறாது, தூண்கள் நிற்கும் அடிச்சட்டத்தின் உயரம் மாறும். 150 மி.மீ. அடிச்சட்டம் என்றால் வீட்டுச் சட்டகம் முழுவதும் 6–8 மி.மீ. கீழே இறங்கும். உள்ளே கட்டும் மென்மரச் சுவர் இறங்காது. இரண்டையும் விறைப்பாகத் திருகிவிட்டால் ஏதாவது ஒன்று விரியும். மேல்கீழ் நகரும் பிடிப்பு வேண்டும்.

மூட்டில் கவனிக்க வேண்டியது துளை விலக்கு. கழுந்தின் (தூணின் துளைக்குள் நுழையும் நாக்கு) ஆணித்துளை, தூணின் ஆணித்துளைக்கு நேராக இல்லாமல் தோள் (கழுந்து தொடங்கும் படி) பக்கமாக 3 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 20 மி.மீ. ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கும், மரம் சுருங்கினாலும் பிடி தளராது. 3-ஐ விட மிகவும் கூடினால் ஆணி உடையும் அல்லது கழுந்தின் நுனி பிளக்கும். ஆணி நார் போக்கில் பிளந்து எடுத்ததாக, நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். உருளைக் கம்பி போலக் கடைந்ததில் நார் குறுக்கே ஓடியிருந்தால் அடிக்கும்போதே முறியும். மேல்நோக்கித் திறந்த வெளித்துளை ஒவ்வொன்றுக்கும் (அடிச்சட்டத்திலும் குறுக்குச்சட்டத்திலும்) கீழே 12 மி.மீ. வடிகால் துளை கேளுங்கள்.

விலைப்பட்டியலில் பார்க்க வேண்டியது: பி.எஸ். 5756 என்ற பிரிட்டிஷ் மரத் தரநிலைப்படி ஒவ்வொரு கட்டையும் தரம் பிரிக்கப்பட்டதா, சான்று தருவார்களா. உங்கள் 200×200, 150×150 இரண்டுக்கும் டி.எச்.ஏ. அல்லது டி.எச்.பி. தரம் பொருந்தும். 75 மி.மீ. சாய்கட்டைகளுக்கு டி.எச்.1, டி.எச்.2. வெளியே தெரியும் முகத்தில் வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள இளமரம்) கூடாது என்று எழுதி வாங்குங்கள். வைரம் தாங்கும், வெளிறு அழுகும், துளைக்கும் வண்டும் அதில்தான் இறங்கும். கிரேன், சாரம், இறுதிச் சுத்தம் யார் பொறுப்பு என்பதும் பட்டியலில் இருக்கட்டும்.

இரும்பு ஆகவே ஆகாது. ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைத் தின்று, மரத்தில் நீலக்கறுப்புக் கறை போடும். திருகு, போல்ட், வலை எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. நாகப்பூச்சுப் போட்டதும் இங்கே நிலைக்காது. ஈயத் தகட்டையும் பச்சை ஓக்கின்மேல் நேராக வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமிலம் அதை வெள்ளைப் பொடியாக அரிக்கும், இடையில் ஒரு தடுப்புப் படலம் போடுங்கள்.

மனைக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வரைபடத்தை மாற்றச் சொல்கிறேன். இன்னும் இரண்டு விஷயம். சுற்றுவட்டாரத்து வீடெல்லாம் கறுப்பு மரம், வெள்ளை அடைப்பு. ஓக்கைக் கறுப்படிக்க வேண்டுமா? வெளி அடைப்பின் விவரமும் வேண்டும்.

கட்டத்துக்குள்_கட்டம்:

கறுப்படிக்காதீர்கள். இன்று காணும் அந்தக் கறுப்பு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மோகம். அதற்கு முன் ஓக் சும்மா விடப்பட்டு வெள்ளிச் சாம்பலாக மாறும், அல்லது மரமும் அடைப்பும் சேர்த்தே சுண்ணாம்பு அடிக்கப்படும். பச்சை ஓக்கின்மேல் பெயின்ட் ஏறினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு உரியும்.

கட்டத்தின் அளவு விஷயத்தில் வரைந்தவரோடு ஒருமுறை உட்காருங்கள். வெல்ஷ் எல்லைப்புறத்துச் சாயலைக் கொடுப்பது அகலமும் உயரமும் ஏறத்தாழ சமமான கட்டங்கள்தான், அடிச்சட்டத்திலிருந்து சுவர் உச்சிக்கு இரண்டோ மூன்றோ. நிலைச்சட்டங்களை நெருக்கி நட்டால் அது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் வீடு மாதிரி ஆகிவிடும். பழைய சட்டக வீடுகள் உள்ள வெப்ளி, பெம்ப்ரிட்ஜ் இரண்டு ஊரிலும் நடந்து, தூணின் தலைப்பக்கம் எவ்வளவு பருத்திருக்கிறது, சாய்கட்டை எந்த இடத்தில் தூணைத் தொடுகிறது என்பதை அளவுகோலோடு பார்க்கச் சொல்லுங்கள். புது வீடுகளில் பெரும்பாலும் பிசகுவது சாளரம்: கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு கட்டத்தை வெட்டிக்கொண்டு நிற்கும். சாளரத்தின் அளவு கட்டத்தின் அளவிலிருந்து பிறக்க வேண்டும்.

வெளி அடைப்புக்கு: கட்டத்தைவிட ஒவ்வொரு ஓரமும் 10 மி.மீ. சிறியதாக மரக்கம்பளிப் பலகை, சுற்றிலும் தானாக விரியும் நுரைநாடா. நாடாவின் வேலை எல்லை 15 மி.மீ. வரையாவது இருக்க வேண்டும், சுருக்கத்தையும் சேர்த்து. பலகை உட்காரும் குறுக்குச்சட்டத்தின் மேல் இ.பி.டி.எம். (செயற்கை ரப்பர்) படலம், பின்பக்கம் மேலே ஏற்றி மடித்து, முன்பக்கம் வடியும்படி. பூச்சு மரத்தின் முகத்தைவிட 3 மி.மீ. உள்வாங்கியே இருக்கட்டும், துருத்தினால் ஒவ்வொரு கட்டமும் தண்ணீரைத் தாங்கும் திண்ணை ஆகிவிடும். பூசும்போது ஓக்கின் முகத்தை டேப்பால் மூடுங்கள். ஈரச் சுண்ணாம்பு பட்ட இடம் பழுப்பாகும். கறை விழுந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். முதல் ஓரிரு ஆண்டு மழையில் டானின் வடியும். கீழே வெளிர் கல் தளம் போடுவதைத் தள்ளிவையுங்கள்.

அடிச்சட்டம் தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே, கல் அல்லது செங்கல் பீடத்தின்மேல், அடியில் ஈரத்தடைப் படலத்தோடு. பீடம் வெளியே நீண்டு நிற்கக் கூடாது.

கழுந்தும் துளையும்:

மேலே விட்டுப்போனவை. புகைபோக்கி இறங்காது, சட்டகம் இறங்கும். புகைபோக்கியைச் சுற்றிய கூரைத் தகடு அதற்கு இடம் கொடுக்கட்டும். மரம், செங்கல் புகைபோக்கியின் வெளிமுகத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், அல்லது புகைக்குழலின் உள்முகத்திலிருந்து 200 மி.மீ. முதல் குளிர்காலம் சூடேற்றலை மெதுவாக, ஒரே சீராக வையுங்கள். அடுப்பை முழு வேகத்தில் எரித்தால் வெடிப்பு தேவைக்கு மேல் விரியும். நெடுகப் போகும் வெடிப்பு பயப்படத்தக்கதல்ல. மூட்டின் குறுக்கே சாய்வாக ஓடினால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

விலைப்பட்டியலில் இன்னொன்று: சட்டகத்தை நட்டும் தருவதாக ஒப்பந்தம் போட்டால் புது வீட்டுக்கு வாட் வரி பூஜ்யம். மரத்தை மட்டும் அனுப்பினால் 20 சதவீதம் கட்டிவிட்டு, வீடு முடிந்த ஆறு மாதத்துக்குள் 431என்.பி. படிவத்தில் திரும்பக் கேட்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். நட்டுத் தரும் விலையையே கேளுங்கள்.